நான் மொழிபெயர்த்த மலை

திருவண்ணாமலைக்குப் போகிறேன் என்று சொன்னதும் சிங்கப்பூரில் எல்லோரும் ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள். கண்ணைப் பாதி மூடி, தலையை லேசாகச் சாய்த்து, எனக்குள் ஏதோ திறக்கப்போகிறது என்பதுபோல. எனக்கு அங்கே இருந்த வேலை ஓர் இட்லிப் பெட்டி.

எங்கள் அடுக்ககத்தில் இரண்டு மாடி மேலே குடியிருக்கும் பிரியா ஒரு சிறு உணவுக்கடை திறக்கப்போகிறாள். இட்லி, கொழுக்கட்டை, இடியாப்பம். பெட்டியில் வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடலாம். மூன்றாம் தலைமுறைச் சிங்கப்பூர்க்காரி. தமிழ் அவளுக்கு வணக்கத்தில் தொடங்கி இரண்டு வசவுகளில் முடிந்துவிடும். ஒருநாள் என் வீட்டு மேசைமேல் கிடந்த என்னுடைய கடைசிப் புத்தகத்தை எடுத்தவள், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதைச் செய்தது யார் என்று கேட்டாள். எழுதியதைக் கேட்கிறாள் என்று நினைத்து நான் கொஞ்சம் நிமிர்ந்தேன். அவள் கேட்டது அட்டையை.

அட்டையைச் செய்தவர் பெயர் தேன்மொழி, ஊர் திருவண்ணாமலை, எந்த நிறுவனத்திலும் இல்லாமல் தனியாக வேலை செய்பவர் என்பது மட்டும் பதிப்பாளர் சொல்லித் தெரியும். மஞ்சள் அட்டை, அதில் தடித்த கறுப்பு எழுத்து, வேறு ஒன்றுமில்லை. முதலில் பார்த்தபோது எனக்கு ஏமாற்றம்தான். உரைநடைக் கவிதைகளுக்கு ஒரு பறவையாவது வைத்திருக்கக் கூடாதா? பிரியாவோ அதைத் தூர வைத்துப் பார்த்தாள், கிட்ட வைத்துப் பார்த்தாள். பெட்டி, கோப்பை, பை, பெயர்ப்பலகை, சமையல்காரரின் மேலங்கி வரை எல்லாம் இவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்றாள். நான் எப்படியும் தமிழ்நாட்டுக்குப் போகிறேன். நேரில் பார்த்து, காணொளி அழைப்பில் இருவருக்கும் நடுவே நாக்காக இருந்துவிட்டு வர முடியுமா? தேன்மொழிக்கு ஆங்கிலம் படிக்கவும் எழுதவும் வரும். பேச்சென்றால் தமிழில்தான் யோசனை ஓடும் என்று அவரே எழுதியிருந்தார்.

நாக்கு. அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. அங்கிருந்தே எல்லாம் தொடங்கிற்று என்று இப்போது தோன்றுகிறது.

*

பௌர்ணமிக்கு மறுநாள் போய்ச் சேர்ந்தேன். அதைவிட மோசமான நாளை யாராலும் தேர்ந்தெடுக்க முடியாது. மலையைச் சுற்றி நடந்தவர்கள் அத்தனை பேரும் ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருக்க, நான் ஒருத்தி உள்ளே நுழைய முயன்றேன். பேருந்து ஊர் எல்லையிலேயே நின்றது. இதுக்குமேல போவாது, இறங்கி நடங்க என்று நடத்துநர் சொல்லிவிட்டு, முதல் ஆளாக அவரே இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார்.

சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். சாலை முழுக்கப் பாக்குமட்டைத் தட்டுகள், காகிதக் கோப்பைகள், காலியான தண்ணீர்ப் பாக்கெட்டுகள். ஒரு பாக்கெட் சக்கரத்தில் சிக்கிக்கொண்டு சளக் சளக் என்று கூடவே வந்தது. சாலை கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் துடைப்பத்தை ஊன்றி நின்று பார்த்தார்.

"தூக்கினு போமா, இழுக்காத. அது நான் கூட்ன எடம்."

தூக்கிக்கொண்டேன். சிங்கப்பூரில் ஒரு காகிதக் கைக்குட்டை கைதவறி விழுந்தால் நான்கு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்து எடுப்பவள். இங்கே ஒரு கூட்டத்தின் ஒருநாள் பசியும் தாகமும் தெருவில் கிடக்க, அதற்கு நடுவில் நடக்கக் கூச்சமாக இருந்தது. சக்கரத்திலிருந்து பாக்கெட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். நீல மையில் மலை, உச்சியில் தீபம். கசங்கியதில் தீபம் அணைந்திருந்தது.

மலை எங்கும் இருந்தது. அதாவது, நிஜ மலை இருக்கும் இடத்தில் இருந்தது. அதன் பிரதிகள் மற்ற எல்லா இடங்களிலும். ஆட்டோ முதுகில், செருப்புக் கடைப் பையில், பல் மருத்துவர் பலகையில். அந்தப் பலகையில் மலை வெண்மையாக, கொஞ்சம் கடைவாய்ப்பல் சாயலில் இருந்தது. விடுதியில் மலை தெரியும் அறைக்கு வாடகை ஜாஸ்தி என்றார்கள். நான் ஜாஸ்தி அறையைத்தான் எடுத்தேன். எழுத்தாளர் அல்லவா.

இரவுச் சாப்பாட்டுக்கு வெளிநாட்டு பக்தர்கள் கூடும் உணவகம் ஒன்றில் நுழைந்து கேழ்வரகு தோசை கேட்டேன். மேலே ஏதோ விதைகள் தூவி, ஓரத்தில் ஒரு பூ வைத்துக் கொண்டுவந்தார்கள். பக்கத்து மேசைப் பெண் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மூன்று நாளாக அந்த மலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அது எதுவுமே சொல்லவில்லை. அற்புதம்." உள்ளுக்குள் சிரித்தேன். சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பது மறுநாளுக்கு மறுநாள் தெரிந்தது.

*

தேன்மொழியின் வேலையறை வேங்கிக்காலில், ஒரு புது வீட்டு மாடியில். கலெக்டர் ஆபீஸ் தாண்டி இறங்கிக்கோங்க, மாவு மிஷின் சத்தம் கேட்டா அதுக்கு எதிர்ல என்று வழி சொல்லியிருந்தார். ஓசையை அடையாளமாக வைத்து ஒரு வீட்டைக் கண்டுபிடித்தது அதுதான் முதல் முறை.

முப்பத்தைந்து வயதிருக்கும். உயரம், வேகம், எதிராளி வாக்கியத்தை முடிப்பதற்குள் பாதியைப் பிடித்துக்கொள்ளும் காது. என்னை உடனே அக்கா ஆக்கிவிட்டார். அறையில் பெரிய திரை ஒன்று, அச்சு இயந்திரம் ஒன்று, சுவரெல்லாம் உர மூட்டைகளின் முன்பக்கம் வெட்டி ஒட்டியது. ஜன்னல் மலைக்கு எதிர்ப்பக்கம். தண்ணீர்த் தொட்டிகளும் காயும் துணிகளும்தான் தெரிந்தன. நான் எட்டிப் பார்த்து ஏமாந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"மலை பின்னால இருக்குதுக்கா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

கல்லூரி முடித்ததும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் சேர்ந்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கட்சி, சாவு என்று ஊரின் எல்லா முகங்களும் அவர் கைவழியாகப் போயிருக்கின்றன. கண்ணீர் அஞ்சலிக்குத்தான் ரொம்ப யோசிக்க வேண்டும் என்றார். ஏதோ கல்யாணத்தில் கூட்டத்தோடு எடுத்த படத்தைக் கொண்டுவந்து, இதோ இந்த ஓரத்தில் பாதித் தலை தெரிகிறதே அவர்தான் என்பார்கள். மீதித் தலையை இவர் உண்டாக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் வெற்று மார்போடு வயலில் நின்றவருக்குச் சட்டை போட்டுவிட வேண்டும். ஒருமுறை போட்ட சட்டையைப் பார்த்து மனைவி அழுதாராம்: இந்த நிறத்தில் ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார், உனக்கு எப்படியம்மா தெரிந்தது?

அப்புறம் கடையை விட்டுத் தனியாக வந்து, ஆசிரமங்களைத் தேடி வந்தவர்களுக்கு யோகா அட்டைகள். மலை, தாமரை, ஓம். தாமரை, ஓம், மலை. சில வருடங்களில் அதையும் விட்டாயிற்று. இப்போது விதை நிறுவனத்துக்குப் பைகள், மெஸ்ஸுக்கு விலைப்பலகை, புத்தக அட்டைகள், வயிற்றுக்காக இன்னும் இரண்டு ஃப்ளெக்ஸ் கடை வேலை. பிரியாவின் வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் அந்த இரண்டு கடைகளுக்கும் அடுத்த மாதம் முதல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். "ஒரு கடைன்னா போர்டுலேர்ந்து டம்ளர் வரைக்கும் ஒரே கை செய்யணும்க்கா. இதுவரைக்கும் எனக்கு யாரும் முழுசா குடுத்ததில்ல. எல்லாரும் துண்டு துண்டாதான் குடுப்பாங்க." சொல்லும்போது அந்த வேகம் அடங்கி, குரலில் ஒரு கவனம் வந்தது. கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்கும்போது வருமே, அது.

மறுநாள் அழைப்புக்கு முன் ஊரைப் பார்த்துவிடலாம் என்று அன்றே தன் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டார். ஊர் என்றால் அவருக்குக் கீழ்பென்னாத்தூர், அப்பாவின் வீடு. பாதி வழியில் பின்சக்கரம் காற்றை விட்டது. எடை எந்தப் பக்கம் ஜாஸ்தி என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வண்டியைப் பஞ்சர் கடையில் விட்டுவிட்டு நிற்கையில் ஒரு குட்டி யானை வந்து நின்றது. தப்பாக நினைக்க வேண்டாம், அந்தச் சின்னச் சரக்கு வண்டிக்கு இங்கே அதுதான் பெயர். பின்னால் கழற்றிய ஃப்ளெக்ஸ்கள் அடுக்கியிருந்தன. ஓட்டுநர் தேன்மொழிக்குப் பழக்கம்.

"ஏறுக்கா. உன் ஆளுங்கதான் எல்லாம் பின்னால படுத்துக்கினு கீறாங்க."

ஏறினேன். என் செருப்புக்குக் கீழே ஒரு பிரமுகர் கை கூப்பிக்கொண்டிருந்தார். காலை எங்கே வைப்பது என்று தவித்தேன். தேன்மொழி, பரவாயில்லை மிதியுங்கள், இந்த ஆளை நான்தான் சிவப்பாக்கினேன், கேட்டு வாங்கிக்கொண்டு போனார் என்றார். ஆனால் தான் உட்காருமுன் அடுக்கில் கைவிட்டு ஒன்றை உருவி, சுருட்டி, ஓட்டுநர் அறையின் கூரைமேல் வைத்தார். அதில் மலையும் தீபமும் இருந்தன.

*

கீழ்பென்னாத்தூரில் வீட்டு வாசலில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. நாம் நிலக்கடலை என்று எழுதுவதை இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஒரு பழைய ஃப்ளெக்ஸின் வெள்ளைப் பக்கத்தில் பரப்பியிருந்தார்கள். தேன்மொழியின் அப்பா முனுசாமி காலாலேயே கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்.

குந்துங்கம்மா என்று நாற்காலியைத் தட்டிப் போட்டார். கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரைக் குழம்பும் வந்தன. முந்தின நாள் பூ வைத்த தோசையின் தாயாதி இது என்று நாக்குக்குத் தெரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் விரலால் குழி பண்ணிக் குழம்பை ஊற்றிக்கொள்ளக் காட்டினார். நான் பண்ணிய குழி உடைந்து குழம்பு புடவைக்கு வந்தது. சிங்கப்பூர்ல குழி வெட்ட மாட்டாங்களா என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

அவருக்கு எழுத்து தெரியாது. அதை மறைக்கவும் இல்லை, வருந்தவும் இல்லை. பேருந்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். பலகையில் எழுத்து நீட்டமாக இருந்தால் நம்ம ஊர். ஒருமுறை அப்படி ஏறி உட்கார்ந்து தூங்கி, இறங்கினால் திருக்கோவிலூர். "அதுவும் நீட்டமாத்தான் இருந்துச்சு. இன்னா பண்றது?" அதற்குப் பிறகு, அப்போது பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த தேன்மொழி கரிக்கட்டியால் சுவரில் இரண்டு பெயரையும் எழுதி, நம்ம ஊருக்குத் தலைமேல் புள்ளி ஜாஸ்தி, அதைப் பார்த்து ஏறு என்று காட்டியிருக்கிறாள். அப்பா அதன்பின் தவறவில்லை. "அதான் நான் செஞ்ச மொத வேலை" என்றார் தேன்மொழி. "கிளையன்டுக்குத் திருப்தி."

மல்லாட்டைக்குக் கீழே இருந்த விரிப்பைப் பற்றிச் சொன்னதும் அப்போதுதான். முன்பு ஓர் அன்னதானத்துக்கு இவர் உருகி உருகிச் செய்த ஃப்ளெக்ஸ் ஒன்று, விழா முடிந்ததும் கைமாறிக் கைமாறி இதே வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. படம் மேலே தெரிய விரித்தால் சாமியை மிதிக்க வேண்டும் என்று அப்பா திருப்பிப் போட்டிருந்தாராம். சாமி மண்ணைப் பார்த்துக் கிடந்தார். மேலே கால்கள். எப்படிப் போட்டாலும் தப்பு. அன்றிலிருந்து எந்த வேலை வந்தாலும் தேன்மொழி முதலில் கேட்பது, இது வேலை முடிந்ததும் எங்கே போய்ச் சேரும் என்பது. சுவரில் மாட்டுவது என்றால் சரி. தூக்கி எறிவது என்றால் அதில் மலையும் சாமியும் வைப்பதில்லை. பெரிய தத்துவம் ஒன்றுமில்லை, எனக்குக் கால் கூசுது அவ்வளவுதான் என்றார்.

இதையெல்லாம் கேட்டேன். தலையாட்டினேன். களியும் தின்றேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு ஒரு பொந்துகூட இல்லை.

*

மறுநாள் அழைப்பு. திரையில் பிரியா, பின்னால் இன்னும் சாயம் காயாத அவள் கடைச் சுவர். தேன்மொழி சீவி முடித்து நல்ல சுடிதார் போட்டிருந்தார். முதல் பாதி ஒழுங்காகவே போயிற்று. அளவு, தாள், எத்தனை வண்ணம். நான் இரண்டு பக்கமும் சொற்களைக் கடத்தும் வெறும் குழாயாக இருந்தேன். அது எனக்குச் சலிப்பாகவும் இருந்தது.

பிறகு பிரியா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: உங்கள் கலை எங்கிருந்து வருகிறது? எதைப் பார்த்துக் கற்றீர்கள்?

தேன்மொழி யோசித்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. பஸ் போர்டை நீளத்தை வெச்சுக் கண்டுபிடிப்பாரு, தப்பான பஸ்ல ஏறுவாரு. அவருக்குப் புள்ளியைக் காட்டினதுல ஆரம்பிச்சது. படிக்கத் தெரியாதவங்களுக்கும் தெரியணும், பஸ்ஸு தாண்டறதுக்குள்ள தெரியணும். பஸ் போர்டு, உர மூட்டை, வெதை பாக்கெட். இதுங்களைப் பார்த்துதான் கத்துக்கிட்டேன். உங்க பெட்டி குப்பைக்குத்தான் போவும். அதனால படம் வேணாம். எழுத்தே போதும், தூரத்துலேர்ந்து பசிக்கிற மாதிரி செஞ்சு தரேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். திரையில் பிரியாவும் என்னைப் பார்த்தாள். வாயைக் கொஞ்சம் திறந்து, என் வாய்க்காகக் காத்திருந்தாள்.

அந்தக் காத்திருப்பை எப்படிச் சொல்வேன்? என் கவிதைக்காக ஒரு முகம் அப்படித் திறந்திருந்து எவ்வளவு காலமாயிற்று! கூட்டங்களில் நான் வாசிக்கும்போது முன்வரிசை கைப்பேசி வெளிச்சத்தில் நீலமாக இருக்கும். இங்கே ஒரு முகம். உர மூட்டை என்று சொன்னால் இட்லிக்குப் பக்கத்தில் நாறுமே என்று ஒரு கணக்கு ஓடியது. இந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்கட்டும் என்று அதற்கு ஒரு நல்ல துணியும் போர்த்தினேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்:

"அவளுடைய தந்தை எழுத்தறியாதவர். அவருக்கு மலைதான் எழுத்து. அவர் அதை வாசிப்பதைப் பார்த்துத்தான் இவள் வரையக் கற்றாள்."

நிறுத்தியிருக்கலாம். வாக்கியம் நன்றாக வந்துவிட்டதால் நிற்கவில்லை. விடியலில் நிறம் மாறும் பாறை என்றேன். மௌனம் என்றேன், இரண்டு முறை. உச்சியில் எரியும் நெருப்பு என்றேன். பிரியாவின் கண் கலங்கியது. பெட்டியின் மூடியில் அந்த மலை வேண்டும், அதன் கீழே அப்பாவைப் பற்றிய அந்த வரி வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்றாள். தேன்மொழியின் கை கணினி மவுஸின்மேல் அசையாமல் இருந்தது. நன்றி என்று ஆங்கிலத்தில் ஒரே சொல் சொன்னார். திரை அணைந்தது.

அவர் எழுந்துபோய் டீ போட்டு வந்தார். என் டம்ளரில் ஆடை படியாமல் ஆற்றிக் கொடுத்தார்.

"நல்லா பேசினீங்கக்கா" என்றார். "யாரைப் பத்தி?"

அவருக்குப் புரிந்திருந்தது. ஒவ்வொரு சொல்லும். ஆங்கிலம் பேசத்தான் வராது என்று சொல்லியிருந்தார்; புரியாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். இல்லை, அதுகூடச் சரியில்லை. புரியுமா என்று அந்த நேரத்தில் நான் நினைக்கவே இல்லை.

அவர்களுக்குப் பிடிக்கும்படி, வேலை கிடைக்க வேண்டுமே என்று, அங்கே பேருந்துப் பலகை என்றால் யாருக்கும்... என்று என்னவோ உளறினேன். அப்படியானால் ஏன் நடுவில் நிறுத்தவில்லை என்றும் கேட்டுவிட்டேன். தன் பிழைக்கு அடுத்தவரிடம் காரணம் கேட்பதில் நமக்கு இருக்கும் சாமர்த்தியம்!

"வெளியாளு முன்னாடி எப்படிக்கா உங்களை வெட்டிப் பேசறது? வயசுல பெரியவங்க. உங்களுக்கு அசிங்கமாயிடாதா?"

டீயைக் குடித்தேன். சூடு தெரியவில்லை.

அன்று மாலை ஆட்டோவில் அடி அண்ணாமலைப் பக்கம் போய்ச் சும்மா இறங்கி நடந்தேன். பௌர்ணமிக் கடைகளைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் விற்காத பொம்மைகளைச் சாக்கில் போட்டபடி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள்: அவ வாயி இருக்குதே, அது தனியா சோறு துன்னும். எவளோ ஒருத்தியைச் சொன்னார்கள். நான் நடையை வேகமாக்கினேன். மலை என் இடப்பக்கமோ வலப்பக்கமோ இருந்திருக்க வேண்டும். நிமிரவில்லை.

கைப்பேசியில் பிரியாவின் செய்தி எங்கள் இருவருக்கும் சேர்த்தே வந்திருந்தது. கடையின் கூட்டாளியிடம் சொன்னாளாம், அவரும் அழுதாராம். மூடியில் மலை, கீழே அந்த வரி. முடிவாகிவிட்டது. மாதிரியை எப்போது அனுப்புவீர்கள்?

*

காலையில் நானே போனேன், கூப்பிடாமல். பிரியாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். தேன்மொழி வேண்டாம் என்றார். "நான் பேசிக்கறேன்க்கா. நீங்க கொஞ்சம் வெளில குந்துங்க." கோபம் இல்லை. பேச்சுக்கு நடுவே மாவு மிஷின் சத்தம் வந்தால் ஜன்னலைச் சாத்துவோமே, அப்படிக் கதவைச் சாத்தினார்.

மாடிப்படியில் உட்கார்ந்தேன். உள்ளிருந்து அவருடைய ஆங்கிலம் கேட்டது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து, தட்டிப் பார்த்து வைத்தார். மலை இல்லை. மலை நான் கொடுக்க முடியாது. அக்கா சொன்னது அக்காவின் கவிதை, நல்ல கவிதை. என் அப்பா அப்படி இல்லை. என் அப்பா பேருந்து பார்ப்பார். இலக்கணம் ஆங்காங்கே இடறியது. பொருள் எங்கும் இடறவில்லை. பிறகு நீண்ட நேரம் பிரியாவின் குரல், தெளிவில்லாமல். பிறகு ஓகே மேடம், ஓகே. நாற்காலி நகரும் ஒலி.

என் கைப்பேசி அடித்தது. பிரியா.

அந்தப் பெண் கொஞ்சம் பிடிவாதமோ என்று தொடங்கினாள். நேற்று அவ்வளவு அழகாகப் பேசியவள் இன்று ஏன் மாற்றுகிறாள்? நான் சொன்னேன்: மாற்றவில்லை, நேற்றும் இதைத்தான் சொன்னாள். மாற்றியது நான். பின்னால் கதவு திறந்தது. தேன்மொழி வந்து நிலைப்படியில் நின்றார். என் கைப்பேசியின் சத்தம் எனக்கு மட்டும் கேட்கும் அளவில் இல்லை.

"அப்படியானால் அந்த வரி உங்களுடையதா?" என்றாள் பிரியா.

"ஆமாம்."

"எங்களுக்கு வேண்டியது அந்த வரிதான். மலையை வரைய இங்கேயே ஆளைப் பார்த்துக்கொள்கிறோம். வரியை எங்களுக்குக் கொடுங்கள். கீழே உங்கள் பெயரும் போடுகிறோம், ஒவ்வொரு பெட்டியிலும்."

ஒவ்வொரு பெட்டியிலும். என் கட்டிலுக்கடியில் பிரிக்காத கட்டுகளாகக் கிடக்கும் புத்தகங்கள் நினைவில் வந்தன. ரயிலுக்குக் காத்திருக்கும் ஒருவன் சட்னியைத் திறக்குமுன் என் வரியைப் படிப்பதைப் பார்த்தேன். அவன் அதை இரண்டாம் முறை படித்தான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவளுக்கும் காட்டினான்.

பிறகுதான், "வேண்டாம் பிரியா. அவர் இன்னொருவருடைய அப்பா" என்று சொன்னேன்.

சரியான பதில். ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஓர் இடம் இருந்தது. அங்கே நான் நின்றிருந்தேன், நன்றாகக் காலூன்றி. தேன்மொழி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரியா வைத்துவிட்டாள். வேலை போயிற்று. தேன்மொழி ஒரு படி இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே மிஷினில் யாரோ மிளகாய் அரைக்க ஆரம்பித்தார்கள், இருவரும் இருமினோம்.

மன்னிச்சுக்கோங்க என்றேன். அவர் அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை. ஃப்ளெக்ஸ் கடையில் ஒன்று திரும்பச் சேர்த்துக்கொள்ளும், இன்னொன்று கொஞ்சம் கெஞ்ச வைக்கும் என்றார். பிறகு,

"வேலை போனதுகூட அப்பால பாத்துக்கலாம்க்கா. நான் சொன்னது போதாதுன்னு உங்களுக்குத் தோணுச்சு பாருங்க."

கையைப் பிடிக்கலாமா என்று நினைத்து, அதுவும் ஒரு வாக்கியம்போல் ஆகிவிடும் என்று விட்டேன்.

மறுபடி ஒருமுறை இருமிவிட்டு, "இப்ப யோசிச்சீங்க இல்ல, போன்ல?" என்றார்.

"யோசிச்சேன்."

"நானும்தான்." என்னைப் பார்க்காமல் சொன்னார். "நேத்து அவங்க மெசேஜ் வந்ததும் உக்காந்து வரைஞ்சேன். மலையை. சும்மா, வருதான்னு பாக்கலாம்னு. கூடவே உங்க வரியையும் கீழ வெச்சேன்."

"வந்துச்சா?"

"நல்லா வந்துச்சுக்கா. இதுவரைக்கும் நான் செஞ்சதுல அதான் நல்லா இருக்குது." துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டார், மிளகாய் நெடிக்கோ வேறெதற்கோ. "அதைப் பாத்துட்டுத்தான் ராத்திரி சோறு எறங்கல."

காட்டச் சொல்லிக் கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, அழித்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

அவர் துப்பட்டாவை மூக்கிலிருந்து எடுத்தார்.

"இன்னும் இல்ல" என்றார்.